நான்கு பென்சில்களும் ஒரு முட்டையும்

சித்திரம் பயிலப் புறப்படுகிறவர்கள் முதலில் செய்கிற காரியம் பெரும்பாலும் கடைக்குப் போவதுதான். அங்கே கண்ணாடி அலமாரிக்குள் பன்னிரண்டும் இருபத்துநான்குமாக அடுக்கியிருக்கும் பென்சில் பெட்டிகளைக் கண்டு மயங்கி, மாதச் சம்பளத்தில் கணிசமான ஒரு பகுதியை அங்கேயே வைத்துவிட்டு வீடு திரும்பி, இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தாளைக் கெடுத்துவிடுவோமோ என்ற அச்சத்தினால் எல்லாவற்றையும் பீரோவின் மேல்தட்டில் பத்திரப்படுத்திவிடுகிறார்கள். இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய சாமான்களோ ஒரு சிறிய துணிப்பைக்குள் அடங்கிவிடும். முட்டை ஒன்று சமையலறையிலேயே கிடைக்கும். அவற்றைக் கொண்டு, வெள்ளைத் தாளின்மேல் ஒரு வெள்ளை முட்டை கனத்தோடும் உருட்சியோடும் அமர்ந்திருப்பதாகத் தோன்றச் செய்வதே நமது வேலை.

ஒரு விஷயத்தை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகப் பயிலுகிறவர்களின் படம் உயிரற்றுத் தட்டையாய்க் கிடப்பதற்குக் காரணம் கை நடுங்குவதோ கோடு கோணுவதோ அன்று. கறுப்பு வேண்டிய இடத்தில் கறுப்பை இட மனம் துணியாமல், எங்கும் ஒரே நரைத்த சாம்பல் வர்ணத்தைப் பூசி நிறுத்திவிடுவதுதான். நானும் பல வருஷங்கள் அப்படியே செய்துவந்தேன். கீழே வரும் அப்பியாசங்களின் வரிசை அந்த அச்சத்தைப் படிப்படியாகப் போக்கும்படி அமைந்திருப்பதால், முட்டையை உடனே வரைந்து பார்க்கும் ஆவலில் இடையிலுள்ளவற்றைத் தாண்டிப் போகவேண்டாம்.

பென்சில்

பென்சிலின் நடுவிலுள்ள கரிய குச்சியை நம்மில் பலர் இன்றும் ஈயம் என்றே சொல்லுகிறோம். அதில் ஈயம் அணுவளவும் இல்லை. இங்கிலாந்தின் வடபகுதியில் பாரோடேல் என்னும் பள்ளத்தாக்கில் பதினாறாம் நூற்றாண்டில் கிடைத்த கிராஃபைட்டை ஈயத்தின் ஒரு வகை என்று அக்காலத்தவர் தவறாகக் கருதியதனால் ஏற்பட்ட பெயர், உண்மை தெரிந்து வெகுகாலம் ஆனபிறகும் நம்மை விட்டுப் போகவில்லை. பின்னர் யுத்தத்தின் காரணமாக அந்தக் கிராஃபைட் பிரான்சு தேசத்துக்கு வருவது நின்றுபோகவே, நிக்கோலா ழாக் கோந்தே என்பவர் கிராஃபைட் பொடியைக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டுக் குச்சியாக்கும் முறையைக் கண்டு, 1795-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். களிமண் மிகுந்தால் குச்சி கடினமாகி மெல்லிய சாம்பல் கோடு விழும். கிராஃபைட் மிகுந்தால் குச்சி மிருதுவாகிக் கரிய கோடு விழும். சரித்திரத்தில் நமக்கு வேண்டியது இவ்வளவே.

பென்சிலின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்துக்களுக்குப் பொருள் இதுதான்: ‘எச்’ என்பது கடினத்தையும், ‘பி’ என்பது கருமையையும் குறிக்கும், முன்னால் நிற்கும் எண் பெருகப் பெருக அந்தந்தக் குணமும் பெருகும். ‘எச்.பி.’ இரண்டுக்கும் நடுவில் நிற்பது. நமக்கு 2எச், எச்.பி., 2பி, 6பி என்ற நான்கு போதும். 4பி, 8பி முதலியவை இடைவெளிகளை நிரப்புகிறவை. ஆறு மாதம் கழித்து வாங்கிக்கொள்ளலாம். நான்கையும் ஒரே நிறுவனத்தின் பெயரில் வாங்குவது நலம். ஏனெனில் ஒருவருடைய 2பி இன்னொருவருடைய எச்.பி.யைப் போல இருப்பதுண்டு. இவ்விஷயத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே அளவுகோல் கிடையாது.

கடையில் நிற்கும்போதே இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். பென்சிலின் அடிமுனையைப் பார்த்தால் கரிய குச்சி மரத்தின் சரியான நடுவில் இருக்கவேண்டும். ஒருபக்கமாக ஒதுங்கியிருந்தால் சீவும்போதெல்லாம் நுனி முறிந்து, அரை மாதத்தில் பென்சில் கட்டைவிரல் நீளமாகிவிடும். அடுத்து, மேஜைமேல் அதை உருட்டிப் பாருங்கள். வளைந்த பென்சில் தத்தித் தத்தி ஓடும்.

குறிப்பு: பென்சிலைத் தரையில் போடாதீர்கள். வெளியே காயம் ஒன்றும் தெரியாமல், உள்ளே குச்சி நாலைந்து துண்டாகியிருக்கும்.

காகிதமும் அட்டையும்

காகிதத்தின் தடிமனை ஜி.எஸ்.எம். என்னும் எண்ணால் குறிப்பிடுகிறார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் இத்தனை கிராம் நிறை என்பது அதன் பொருள். நகலெடுக்கும் கடையில் உள்ள தாள் பெரும்பாலும் 70 முதல் 80 வரை இருக்கும். நாம் பலமுறை தேய்த்தும் அழித்தும் வேலை செய்யப்போவதால் 120 முதல் 160 வரையுள்ள வரைதாள் வேண்டும். கட்டங்கள் போட்டுப் பழகுவதற்கு நகல் தாளே போதுமானது.

தடிமனைவிட முக்கியமானது மேற்பரப்பு. வழுவழுப்பான தாளில் கிராஃபைட் பற்றாமல் சறுக்கிவிடும்; பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் பளபளப்பான சார்ட் இதற்கு ஆகாது. விரல் நுனியால் தடவும்போது நன்றாகக் காய்ந்த சுண்ணாம்புச் சுவரைத் தொட்டாற்போல மிக மெல்லிய சொரசொரப்பு இருந்தால் அதுவே நல்ல தாள். மழைக்காலத்தில், அதிலும் கடற்கரை ஊர்களில், தாள் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடுவதால், மிச்சத் தாள்களைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு வையுங்கள்.

தாளைப் பொருத்தி வரைய, பிள்ளைகள் பரீட்சைக்குக் கொண்டுபோகும் கிளிப் அட்டையே சாலச் சிறந்தது. வரைதாளுக்கு அடியில் மூன்று நான்கு பழைய தாள்களை மெத்தைபோல வைத்துக்கொள்ளத் தவறாதீர்கள். அப்படி வைக்காவிட்டால், அட்டையிலுள்ள கீறல்களும், முன்பு யாரோ அழுத்தி எழுதிய கணக்குகளும் நிழலின் நடுவே வெள்ளைக் கோடுகளாக எழும்பி வந்துவிடும்.

ரப்பரும் சில்லறைச் சாமான்களும்

ரப்பர் பென்சில் எழுத்தை அழிக்கும் என்பதை ஜோசப் பிரீஸ்ட்லி 1770-இல் குறித்துவைத்தார். அதற்கு முன்னெல்லாம் ரொட்டியின் உட்பகுதியைப் பிசைந்துதான் அழித்தார்கள். (நம் ஊரில் அதைச் செய்தால் படத்தைத் தேடி எறும்பு வரும்.) நிறமற்ற, வாசனையற்ற, மிருதுவான வெள்ளை ரப்பர் ஒன்றை வாங்கி, பிளேடால் குறுக்காக வெட்டி, ஒரு துண்டைக் கூரிய ஆப்புபோலச் செதுக்கிக்கொள்ளுங்கள். அந்த முனை அழிப்பதற்கு மட்டுமல்ல, கரிய நிழலின் நடுவே வெளிச்சத்தை ‘வரைவதற்கும்’ உதவும். மாவுபோலப் பிசைந்து உருட்டக்கூடிய சாம்பல் நிற ரப்பர் சித்திரச் சாமான் கடைகளில் கிடைத்தால் அதையும் வாங்கலாம். அது தேய்க்காமல், ஒற்றி எடுத்தே கருமையைக் குறைக்கும்.

இவற்றோடு ஒரு பேனாக்கத்தி அல்லது கைப்பிடியுள்ள பிளேடு, உள்ளங்கையளவு உப்புத்தாள், தூள் தட்டுவதற்கு ஒரு மெல்லிய தூரிகை, பழைய காட்டன் துணி, பஞ்சிங் மெஷினால் துளையிட்ட ஒரு வெள்ளை அட்டைத் துண்டு ஆகியவை வேண்டும். அந்தத் துளை அட்டையின் மகிமை பின்னால் விளங்கும்.

பென்சிலைச் சீவும் முறை

சீவியில் சுழற்றினால் நுனி குட்டையாக வரும். எழுதுவதற்கு அது நல்லது, நிழல் தீட்டுவதற்கு நல்லதன்று. குச்சியின் பக்கவாட்டைத் தாளின்மேல் படுக்கவைத்து இழுத்தால்தான் நிழல் சீராகப் படியும்; அதற்கு நீண்ட நுனி அவசியம்.

1. பென்சிலை இடக்கையில், நுனி உங்களைவிட்டு விலகி வெளியே பார்க்கும்படி பிடியுங்கள். கத்தி எப்போதும் உடம்பைவிட்டு வெளிப்புறமாகவே நகரவேண்டும்.

2. நுனியிலிருந்து சுமார் 3 சென்டிமீட்டர் தள்ளிக் கத்தியை மிகவும் சாய்வாக வைத்து, இடக்கைக் கட்டைவிரலால் கத்தியின் முதுகைத் தள்ளுங்கள். வலக்கை கத்தியைத் தாங்கிப் பிடிப்பதோடு சரி. பலம் கொடுப்பது கட்டைவிரலே.

3. ஒவ்வொரு செதுக்கலுக்கும் பென்சிலைச் சிறிது திருப்பி, மரத்தை மட்டும் மெல்லிய சீவல்களாக எடுங்கள். ஒரே தடவையில் ஆழமாக வெட்டினால் குச்சி முறியும்.

4. கரிய குச்சி 1 சென்டிமீட்டர் வெளிப்பட்டதும் கத்தியைக் கீழே வையுங்கள். 6பி மிருதுவானதாகையால் அதற்கு அரைச் சென்டிமீட்டர் போதும்.

5. குச்சியை உப்புத்தாளின்மேல் படுக்கவைத்து, உருட்டிக்கொண்டே தேய்த்துக் கூராக்கி, துணியால் துடைத்துவிடுங்கள்.

எச்சரிக்கை: பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பெரியவர்களே சீவிக் கொடுக்கவேண்டும். கைப்பிடியில்லாத சவரப் பிளேடை யாரும் உபயோகிக்க வேண்டாம். சீவல்களையும் கரித்தூளையும் காகிதத்தில் சேர்த்துக் குப்பையில் போடுங்கள். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் பொருளாகையால், கூராக்கிய பென்சிலைப் பிளக்கின் துவாரத்தில் நுழைத்து விளையாடும் குழந்தைகள் இருக்கிற வீட்டில் அதைத் திறந்த மேஜையில் விட்டுப்போவது பெரும் ஆபத்து.

விளக்கு வைக்கும் இடம்

நமது வீடுகளில் கூரைக்கருகே எரியும் குழல்விளக்கு, பொருளின் எல்லாப் பக்கத்திலும் வெளிச்சத்தை இறைத்து நிழலை மங்கச் செய்துவிடுகிறது. அறையில் இரண்டு விளக்குகள் இருந்தால் இரண்டு நிழல்கள் விழுந்து, எதை வரைவது என்ற குழப்பத்தில் ஆரம்ப மாணாக்கர் திகைத்துப்போவார். ஆகவே அவற்றை அணைத்துவிட்டு, ஒரே ஒரு மேஜை விளக்கை, பொருளுக்கு இடப்புறத்தில் சுமார் இரண்டடி தள்ளி, பொருளைவிட உயரமாக, சரிவாகப் பார்க்கும்படி வையுங்கள். இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் வலப்புறத்தில் வைத்துக்கொள்ளலாம். அப்போது உங்கள் கையின் நிழல் தாளில் விழுந்து தொந்தரவு செய்யாது. தாளின்மேல் சிறிதளவு வெளிச்சம் வேண்டுமென்றால் கதவைக் கொஞ்சம் திறந்துவையுங்கள்.

பகலில் வரைகிறவர்களுக்கு ஜன்னல் ஒளியே போதும். மேல்நாட்டுப் புத்தகங்கள் எல்லாம் வடக்கு ஜன்னலைச் சிபாரிசு செய்கின்றன. அங்கே சூரியன் நடுப்பகலில் எப்போதும் தெற்கே நிற்பதால் வடக்கு ஜன்னலில் நேர்வெயில் பெரும்பாலும் எட்டிப் பார்ப்பதில்லை. நமக்கோ அந்த விதி வருஷம் முழுவதும் பொருந்தாது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நடுப்பகல் சூரியன் தலைக்கு வடக்கே சாய்ந்து நிற்கிறான். அம்மாதங்களில் ஜன்னலுக்கு ஒரு வெள்ளை வேஷ்டியைத் திரையாகக் கட்டிக்கொள்வதே உத்தமம். எந்தத் திசை ஜன்னலானாலும், நேர்வெயிலில் வரைந்தால் அரைமணி நேரத்தில் நிழல் இடம்பெயர்ந்துவிடும் என்பதை மறக்கவேண்டாம்.

ஐந்து கட்டங்கள்

சங்கீதம் பயிலுகிறவர்களுக்கு சரளிவரிசை எப்படியோ, நிழல் பயிலுகிறவர்களுக்கு இந்தக் கட்டங்கள் அப்படி. சலிப்பூட்டுகிற காரியந்தான், ஆனாலும் ஒரு வாரம் தினந்தோறும் ஒருமுறை செய்யுங்கள்.

1. ஒரு பக்கம் 3 சென்டிமீட்டர் உள்ள ஐந்து சதுரங்களை ஒட்டியொட்டி ஒரே வரிசையில் போட்டு, இடமிருந்து வலமாக 1 முதல் 5 வரை எண்ணிடுங்கள்.

2. முதல் கட்டத்தைத் தொடாதீர்கள். தாளின் வெண்மையே அதன் வர்ணம்.

3. அடுத்து இரண்டாம் கட்டத்துக்குப் போகாமல் நேராக ஐந்தாவதற்குப் போங்கள். 6பியால், ஒரு திசையில் ஒரு படலம், மறு திசையில் ஒரு படலம், பின்னும் குறுக்காக ஒரு படலம் என்று, தாளின் வெள்ளைப் புள்ளிகள் மறையும்வரை கறுப்பாக்குங்கள். இது போதும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்தாமல், மேலும் ஒரு படலம் ஏற்றுங்கள்.

4. இரு எல்லைகளும் ஏற்பட்டபிறகு, 2பியால் மூன்றாவதை இரண்டுக்கும் சரிநடுவான சாம்பலாக்குங்கள்.

5. ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவாக இரண்டாவதை எச்.பி.யால் அல்லது 2எச்சால் மெல்லத் தீட்டுங்கள். மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவாக நான்காவதை 2பியும் 6பியும் கலந்து முடியுங்கள்.

6. தாளை எதிரே நிறுத்தி, ஐந்தடி விலகிப்போய், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். அருகருகேயுள்ள இரண்டு கட்டங்கள் ஒன்றாய்க் கலந்து தெரிந்தால், அவற்றில் கரியதை இன்னும் கருமையாக்குங்கள், வெளுப்பானதை அழிக்காதீர்கள்.

முதலிலிருந்து வரிசையாகத் தீட்டிக்கொண்டு போகிறவர்கள் மூன்றாம் கட்டத்திலேயே தங்களுக்குத் தைரியமுள்ள கருமையையெல்லாம் செலவழித்துவிட்டு, நான்கையும் ஐந்தையும் ஒன்றுபோலவே முடிப்பார்கள். கடைசிக் கட்டத்தை முதலில் செய்யச் சொன்னதன் காரணம் இதுதான்.

கோட்டினால் நிழல் எழுப்பும் மூன்று வழிகள்

விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் மூன்றாம் காண்டத்திலுள்ள சித்திரசூத்திரம் என்னும் பகுதி, நிழல் தீட்டுவதை வர்த்தனை என்று பெயரிட்டு அதை மூன்று வகையாக்குகிறது: இலை நரம்புகளைப்போன்ற கோடுகளால் செய்வது பத்திரஜம், மிக நுண்மையாக இழைத்துச் செய்வது ஐரிகம், புள்ளிகளால் செய்வது பிந்துஜம். இன்றைய பென்சில் வகுப்பில் சொல்லிக்கொடுப்பவையும் ஏறக்குறைய இந்த மூன்றுதாம் என்பதைக் கண்டபோது எனக்கு மிகுந்த வியப்பு உண்டாயிற்று.

கோட்டு நிழலுக்கு, மணிக்கட்டை அசைக்காமல் முழங்கையிலிருந்து கையை வீசி, ஒரே சாய்வில் நெருக்கமான கோடுகளை இழுங்கள். கருமை வேண்டுமிடத்தில் பென்சிலை அழுத்துவதற்குப் பதிலாக, வேறொரு சாய்வில் இரண்டாம் வரிசையைக் குறுக்கே ஓட்டுங்கள். இரண்டு வரிசைகளும் சிறிய கோணத்திலேயே வெட்டிக்கொள்ளவேண்டும். சதுரமாக வெட்டினால் கொசுவலைபோல் ஆகிவிடும். நுண்ணிய நிழலுக்கு, பென்சிலின் பின்புறத்தைப் பிடித்து, குச்சியைத் தாளில் படுக்கவைத்து, பூனையைத் தடவுவதுபோல அழுத்தமின்றி வட்டமிட்டுக்கொண்டே படலம் மேல் படலமாக ஏற்றுங்கள். முட்டைக்கு இதுவே ஏற்றது. புள்ளி நிழல் அழகானதானாலும் அதற்கு வேண்டிய பொறுமை என்னிடம் என்றுமே இருந்ததில்லை. உங்களுக்கு இருந்தால் செய்து பாருங்கள்.

விரலால் தேய்த்து மழுப்புவதை மட்டும் இப்போது விட்டுவிடுங்கள். நான் சிறுவனாயிருந்தபோது, ஒரு பூசணிக்காயை ஆள்காட்டி விரலால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பெருமையோடு சித்திர வாத்தியாரிடம் கொண்டுபோனேன்; அவர் ஒன்றும் பேசாமல் ரப்பரை எடுத்து நடுவில் ஒரு கோடு இழுத்தார். அழியவில்லை. தோலிலுள்ள எண்ணெய்ப் பசையோடு கலந்து கிராஃபைட் தாளுக்குள் இறங்கிவிட்டால் பிறகு எந்த ரப்பராலும் அதை மீட்க முடியாது. மழுப்பித்தான் ஆகவேண்டுமென்றால், இறுகச் சுருட்டிய காகிதக் குச்சியைக் கொண்டு, அதுவும் நிழல் முழுதும் ஏற்றியபின், சிறிதளவு செய்யலாம்.

முட்டையை வரைதல்

வெள்ளைத்தோல் முட்டையொன்றை அவித்து ஆறவையுங்கள்; உருண்டு விழுந்தாலும் வீடு நாறாது. (வரைந்து முடித்தபின் சாப்பிடலாம் என்று எண்ணி, வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்குமேல் வெளியே கிடந்ததை உண்ணவேண்டாம்.) முட்டையை வீட்டுக்குள் அனுமதியாத குடும்பத்தினர் விளாம்பழத்தை வைத்துக்கொள்ளலாம், அதன் ஓடும் வெளிறி, பளபளப்பின்றி, உருண்டையாகவே இருக்கும். மேஜைமேல் வெள்ளைத் தாள் விரித்து, முட்டையின் பின்னால் துளி மாவை ஒட்டுக்கொடுத்துப் படுக்கவைத்து, விளக்கை ஏற்றுங்கள்.

பென்சிலைத் தொடுவதற்குமுன் ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டே இருங்கள். விளக்கை நோக்கிய பக்கம் வெளிச்சம். அது மெல்ல மங்கி இடைநிழலாகிறது. அதைத் தாண்டி, விளிம்புக்குச் சற்று உள்ளேயே, ஒரு கருநிழல் பட்டையாக ஓடுகிறது. அதற்கும் அப்பால், அடிப்பக்கத்தில், மேஜையிலுள்ள வெள்ளைத் தாளிலிருந்து திரும்பிவந்த எதிரொளி மங்கலாகத் தெரிகிறது. மேஜைமேல் விழுநிழல் நீண்டு கிடக்கிறது. எதிரொளியை நம்பாதவர்கள் முட்டைக்கு அடியில் ஒரு கறுப்புத் துணியைச் செருகிப் பார்க்கட்டும். அது உடனே மறைந்துவிடும்.

1. 2எச்சால், காற்றில் வரைவதுபோன்ற அழுத்தத்தில், தாளின் நடுவில் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு முட்டையின் வடிவை இடுங்கள். இயல்பான அளவைவிடப் பெரிதாக இருந்தால்தான் நிழலுக்கு இடம் கிடைக்கும்.

2. விழுநிழலின் எல்லையையும், வெளிச்சமும் நிழலும் பிரியும் கோட்டையும் அதேபோல மெல்லக் குறியுங்கள்.

3. வெளிச்சப் பகுதி நீங்கலாக, முட்டையின் நிழற்பகுதி, விழுநிழல் இரண்டையும் சேர்த்து எச்.பி.யால் ஒரே சீரான மெல்லிய படலம் பூசுங்கள். இப்போதே படத்தில் ஒளி விழுந்ததுபோல் தோன்றும்.

4. முட்டைக்குப் பின்னாலுள்ள சுவர் முட்டையைவிட இருட்டாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அப்படியானால் வெளிச்சமுள்ள விளிம்பையொட்டிப் பின்புலத்துக்கும் சாம்பல் நிழல் கொடுங்கள். வெள்ளைப் பொருளின் எல்லையைக் காட்டுவது கோடு அன்று, அதன் பின்னாலுள்ள இருள்.

5. முட்டை மேஜையைத் தொடுமிடத்தில் 6பியால் மிகக் கரிய ஒரு மெல்லிய கீற்றை இடுங்கள். உங்கள் ஐந்தாம் கட்டம் அதுதான். இதை இப்போதே இட்டுவிட்டால், மற்ற எல்லாச் சாயல்களையும் அதோடு ஒப்பிட்டுத் தீர்மானிக்கலாம்.

6. விழுநிழலை அந்தக் கீற்றிலிருந்து தொடங்கி வெளிநோக்கி 2பியால் ஏற்றுங்கள். முட்டைக்கருகே விளிம்பு கூராகவும், தூரம் போகப்போக மங்கிக் கரைவதாகவும் இருக்கவேண்டும். விளக்கு ஒரு புள்ளியாக இல்லாமல் அகலமுள்ளதாக இருப்பதனால் நிழல் அப்படி விழுகிறது.

7. கருநிழல் பட்டையை 2பியால், முட்டையின் வளைவையொட்டி, நாலைந்து படலங்களாக ஏற்றுங்கள். எதிரொளிப் பகுதியைத் தொடவேண்டாம்.

8. கருநிழலிலிருந்து வெளிச்சத்தை நோக்கி இடைநிழலை எச்.பி.யாலும், முடியுமிடத்தில் 2எச்சாலும் இழைத்துக் கொண்டுபோய்த் தாளின் வெண்மையில் கரைத்துவிடுங்கள். அதிக நேரம் பிடிக்க வேண்டிய இடம் இதுவே, அவசரப்படாதீர்கள்.

9. இப்போது துளை அட்டையை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துளையின் வழியாக முட்டையின் எதிரொளியை மட்டும் பாருங்கள். பிறகு இடைநிழலைப் பாருங்கள். எதிரொளி இடைநிழலைவிடக் கருமையாகவே இருக்கக் காண்பீர்கள். அருகிலுள்ள கருநிழல்தான் அதை வெளிச்சம்போலக் காட்டிக் கண்ணை ஏமாற்றியது. உங்கள் படத்தில் அது வெளுத்திருந்தால் மெல்லிய படலம் ஒன்றை அதன்மேல் ஏற்றுங்கள்.

10. ரப்பரின் கூர்முனையால் மிகுந்த வெளிச்சமுள்ள இடத்தை ஒற்றித் துலக்கி, முதலில் இட்ட எல்லைக் கோடு எங்காவது கம்பிபோல் தெரிந்தால் அதைக் கரைத்துவிடுங்கள்.

குறிப்பு: வரையும் கைக்கு அடியில் ஒரு தனித்தாளை வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர் வியர்வைக்கு இது இன்றியமையாதது. ரப்பர்த் தூளை வாயால் ஊதினால் எச்சில் துளி தெறித்து, மேலே நிழல் ஏற்றும்போது கறையாகிவிடும், தூரிகையால் தட்டுங்கள். மின்விசிறியை முகத்துக்கு நேரே வைக்கவேண்டாம்.

படம் கோளாறானால்

முட்டை தட்டையாகத் தெரிந்தால் ஐந்தாம் கட்டத்தின் கருமை படத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடுங்கள், பெரும்பாலும் இராது. முட்டை காற்றில் மிதப்பதுபோல் இருந்தால் தொடுமிடத்துக் கீற்றை மறுபடி கரியதாக்குங்கள். கருமையெல்லாம் சாய்த்துப் பார்த்தால் கண்ணாடிபோல் மின்னினால், ஒரே அமுக்கில் 6பியைத் தேய்த்துவிட்டீர்கள் என்று பொருள். இதற்கு மருந்து இல்லை, அடுத்த படத்தில் படலம் படலமாகப் போங்கள். வெள்ளைக் கீறல்கள் தெரிந்தால் 2எச்சை அழுத்தித் தாளில் பள்ளம் உண்டாக்கியிருக்கிறீர்கள். வெளிச்சப் பகுதி அழுக்கேறியிருந்தால் குற்றம் பென்சிலின்மேல் இல்லை. உள்ளங்கை செய்த வேலை அது.

எவ்வளவு பார்த்தும் பிழை புலப்படாவிட்டால், படத்தைத் தலைகீழாக நிறுத்தி வைத்துவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். முட்டை என்ற நினைப்பு நீங்கி வெறும் கருமையும் வெண்மையுமாகப் பார்க்கும்போது குறை தானே முன்வந்து நிற்கும்.

முடிந்த படத்தைப் பாதுகாத்தல்

பென்சில் படம் உரசலில் மங்கும். படத்தின்மேல் வழுவழுப்பான எண்ணெய்த்தாளையோ டிரேசிங் தாளையோ வைத்து, ஒரு தடித்த அட்டைக் கோப்பில், அசையாதபடி கிடத்திவைத்தால் சாதாரணமாக அதுவே போதும். கடைகளில் விற்கும் நிலைநிறுத்தும் ஸ்பிரேயை உபயோகிப்பதானால், மொட்டைமாடிக்கோ திறந்த வராந்தாவுக்கோ எடுத்துச்சென்று, முகத்தில் துணி கட்டிக்கொண்டு, ஓரடி தூரத்திலிருந்து மெல்லிய படலமாக அடியுங்கள். அது எளிதில் தீப்பற்றக்கூடியது. அடுப்பு, பூஜையறை விளக்கு, சிகரெட்டு எதுவும் அருகில் கூடாது. முதலில் உங்கள் ஐந்து கட்டத் தாளில் அடித்துப் பார்த்து, நிறம் மாறவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்திலும் தேதி, உபயோகித்த பென்சில்கள், விளக்கு இருந்த திசை ஆகிய மூன்றையும் குறித்துவையுங்கள். பத்து முட்டைகள் ஆனபிறகு விளாம்பழம், அதற்குப்பின் உருளைக்கிழங்கு, மண் அகல், சுருக்கம் விழுந்த வெள்ளைத் துண்டு என்று ஏறிப்போங்கள். கத்தரிக்காயும் பித்தளைச் செம்பும் எவ்வளவு ஆசை காட்டினாலும் அவற்றை இரண்டு மாதம் தள்ளிவையுங்கள். பளபளப்பான பொருளில் நிழல் இருக்கவேண்டிய இடத்தில் ஜன்னலும், விளக்கும், வரைகிறவருடைய மூக்கும் தெரியும். அவற்றைச் சமாளிக்கும் விதத்தை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.